தோற்ற நாளில் பேசாத அப்பா

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. செஸ் போட்டிகளில் வெள்ளைக் காய் வந்தால் எப்போதும் லண்டன் சிஸ்டம் என்ற தொடக்க வரிசையைத்தான் (ஓப்பனிங்) ஆடுகிறான். புது கோச், “இது சோம்பேறி ஓப்பனிங், இ4 ஆடப் பழகு” என்கிறார், அதாவது முதல் நகர்த்தலிலேயே ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. பழைய கோச்சோ, “ஜெயிக்கிறதை ஏன் மாத்தணும்?” என்கிறார். மாற்றச் சொன்னால் பையன் அழுகிறான். யார் சொல்வது சரி? மற்றபடி அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. தோற்ற நாளில் மட்டும் வீடு வந்து சேரும்வரை நான் அவனிடம் பேசமாட்டேன். அவனுக்கும் அது பழகிவிட்டது.
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கோச்சுகளின் வழக்கை முதலில் முடித்துவிடுவோம். லண்டன் சிஸ்டம் என்றால் சிப்பாயை டி4 கட்டத்தில் வைத்து, மந்திரியை எஃப்4 கட்டத்துக்குக் கொண்டுவந்து, இ3, சி3 என்று அரண் கட்டி, எதிராளி என்ன ஆடினாலும் ஏறக்குறைய அதே வரிசையில் காய்களை நிறுத்துவது. 1922-ல் லண்டனில் நடந்த போட்டியால் வந்த பெயர். இதைச் சோம்பேறி ஆட்டம் என்று ஒதுக்குவது தப்பு. 2023-ல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த சீன வீரர் டிங் லிரென், ஆறாவது ஆட்டத்தில் இதைத்தான் ஆடி ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியை ஜெயித்துச் சமன் செய்தார்.

ஆனால் டிங் ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளியைப் பார்த்து ஆடுகிறவர். உங்கள் பையன் பார்க்கிறானா? கறுப்பு, சி5 தள்ளிவிட்டு ராணியை பி6-க்குக் கொண்டுவந்தால் அதன் கண் பி2 சிப்பாய் மேல் இருக்கும். அதற்குக் காவலாக சி1-ல் நின்ற மந்திரிதான் எஃப்4-க்குப் போய்விட்டதே! மனப்பாடமாக ஆடுகிற பிள்ளை அதைக் கவனிக்காமல் அடுத்த காயை வழக்கமான கட்டத்தில் வைப்பான். சிப்பாய் போய்விடும். அதனால் 10 வயதில் இ4 ஆடி, காய்கள் சீக்கிரமே மோதிக்கொள்ளும் ஆட்டங்களில் அடிபட்டுத் தேறட்டும். லண்டனைக் கைவிட வேண்டாம், அது பக்கத்திலேயே இருக்கட்டும். என் ஓட்டு புது கோச்சுக்குத்தான்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன்.

ஓப்பனிங்கை மாற்றினால் முதல் சில மாதம் அவன் நிறையத் தோற்பான். தோற்றால் நீங்கள் பேசமாட்டீர்கள். பிறகு அவன் அழாமல் என்ன செய்வான்? லண்டனில் பத்து நகர்த்தலுக்குள் அடிவாங்கி எழுந்து வரும் ஆபத்து குறைவு என்று அவனுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பயந்து அவன் அந்த அரணைக் கட்டவில்லை, ஹாலுக்கு வெளியே நிற்கும் உங்களுக்குப் பயந்து கட்டுகிறான்.

“பழகிவிட்டது” என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! என் மகளோடு இந்தப் போட்டிகளுக்கு ஆறு வருடம் போய்வந்தவள் நான். நகர்த்தல்களை எழுதிவைத்த, கசங்கிய ஸ்கோர் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு இரண்டடி பின்னால், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துபோகும் பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் பழக்கமா? பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா வாய் திறக்காவிட்டால், 10 வயதுப் பிள்ளை மனதுக்குள் என்னென்ன சொல்லிக்கொள்ளும் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

பிரக்ஞானந்தா, வைஷாலியின் அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் அடுப்பும் அரிசியும் கொண்டுபோய்ச் சமைத்துப் போட்டவர். பிள்ளை ஜெயித்த நாளில் மட்டும் உலை வைத்திருப்பாரா? பெற்றவர்களின் கடமை என்று நான் நம்புவது அதைத்தான். ஃபீஸ் கட்டுவதையும் கூட்டிப்போவதையும் யாரும் செய்துவிடலாம். தோற்று வரும் பிள்ளைக்குத் தோள் கொடுக்க அப்பாவைத் தவிர வேறு யார் வருவார்கள்?

அடுத்த போட்டியில் அவன் வெளியே வந்ததும் “என்னாச்சு?” என்று கேட்காதீர்கள். “பசிக்குதாப்பா?” என்று கேளுங்கள். சாப்பிட வையுங்கள். பஸ்ஸில் அவனே ஷீட்டைப் பிரித்தால் பாருங்கள், பிரிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வேறு எதையாவது பேசுங்கள். இதைத் தொடர்ந்து செய்துவிட்டு, அப்புறம் இ4 பற்றி அவனிடம் பேச்செடுங்கள்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நான் பேசாம இருந்தது தப்புடா” என்று சொல்லிவிடுங்கள். மகனிடம் அப்பா இறங்கிப் போவதா என்று தயங்காதீர்கள்.