கண்ணாடியில ஒட்டாத தங்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு வேக்கம் கோட்டிங் யூனிட்ல (வெற்றிடத்துல உலோகத்த ஆவியாக்கி பூசுற மெஷின்) கண்ணாடி ஸ்லைடு மேல தங்கம் பூசுறேன் சார். வெளிய எடுக்கும்போது தகதகன்னு இருக்கு, டேப் ஒட்டி இழுத்தா அப்படியே டேப்போட வந்துடுது. வேக்கம் பத்தலையா?

பதில்: வேக்கம் மேல பழி போடாதீங்கம்மா. அழுத்தத்த 10 பவர் மைனஸ் 5 மில்லிபார் வரைக்கும் இறக்கிட்டீங்கன்னா தங்க அணு எதுலயும் மோதாம மீட்டர் கணக்குல பறக்கும், உங்க ஸ்லைடு எப்படியும் 20 சென்டிமீட்டர் தள்ளி தான் இருக்கும். பிரச்சனை என்னன்னா தங்கத்துக்கும் ஆக்சிஜனுக்கும் ஆகாது, கண்ணாடியோட மேற்பரப்புல இருக்குறதே பெரும்பாலும் ஆக்சிஜன் தான். அதனால முதல்ல குரோமியமோ டைட்டானியமோ ஒரு 5 நானோமீட்டர் போடுங்க, சேம்பரைத் திறக்காம அது மேலயே தங்கத்த போடுங்க. நடுவுல திறந்தா குரோமியம் ஆக்சைடு ஆயிடும், மறுபடி பழைய கதை.

அப்புறம் கழுவுறது. சோப்பு தண்ணி, டிஐ வாட்டர் (அயனி நீக்கின தண்ணி), அசிட்டோன், ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்)ன்னு அல்ட்ராசோனிக் தொட்டில வைப்பீங்க, சரி, ஆனா அசிட்டோன் ஸ்லைடு மேலயே காயிற மாதிரி விட்டுடாதீங்க, கறை நிக்கும், ஈரத்தோடயே ஐபிஏல போட்டு நைட்ரஜன் அடிச்சு காய வைங்க. சுத்தமான்னு பாக்க, கூட ஒரு ஸ்லைடை சேர்த்து கழுவி அது மேல வாயால ஊதுங்க. ஆவி ஒரே சீரா படிஞ்சு சீரா மறைஞ்சா ஓகே, திட்டு திட்டா நின்னா பிசுக்கு இருக்கு. கிளவுஸ் இல்லாம தொடவே கூடாது. நான் ஒரு தடவை தொட்டுட்டு பூசி, என் கட்டைவிரல் ரேகை ரேகையா அழகா வந்துச்சு. தடயவியல்காரங்க இதே மாதிரி வேக்கத்துல தங்கமும் துத்தநாகமும் பூசித்தான் கைரேகை எடுக்குறாங்க, அவங்களுக்கு அது ரிசல்ட்டு, நமக்கு ஸ்லைடு வேஸ்ட்டு.

கேள்வி: ஸ்பின் கோட்டிங்ல (கரைசலை ஸ்லைடு மேல விட்டு வேகமா சுத்தி பூசுறது) ஜிங்க் ஆக்சைடு போட்டேன். எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே விட்டு படிக அமைப்ப பாக்குற சோதனை) பீக்கே இல்ல, 20லேர்ந்து 30 டிகிரி வரைக்கும் ஒரு மேடு மட்டும் இருக்கு. ஃபிலிமே வரலையா?

பதில்: அந்த மேடு உங்க கண்ணாடி! ஃபிலிம் 100 நானோமீட்டர்னா எக்ஸ்ரே அத தாண்டி கீழ போயிடும். வெறும் ஸ்லைடை ஒரு தடவை ஓட்டி பக்கத்துல வச்சு பாருங்க, புரிஞ்சிடும். அனீல் பண்ணீங்களா, அதாவது சூட்டுல வச்சு படிகமாக்குனீங்களா? சும்மா காய வச்சதோட விட்டிருந்தா பீக் எதிர்பாக்கவே கூடாது, 450 டிகிரி செல்சியஸ்ல ஒரு மணி நேரம் வைங்க, அதுக்கு மேல ரொம்ப போனா சாதா ஸ்லைடு வளைஞ்சிடும். அப்புறம் கிரேஸிங் இன்சிடென்ஸ் (எக்ஸ்ரேய ஃபிலிம உரசுற மாதிரி சாய்வா விடுறது) வசதி இருந்தா 1 டிகிரிக்குள்ள வச்சு எடுங்க. நார்மல் ஸ்கேன்ல 34.4 டிகிரி பக்கம் 002 பீக் (படிகத்தோட ஒரு அணு அடுக்கு வரிசைக்கான பீக்) மட்டும் தனியா நின்னாலும் பயப்பட வேணாம், ஜிங்க் ஆக்சைடு அப்படி நேரா நிமிர்ந்து வளர்றது சகஜம் தான்.

கேள்வி: குவார்ட்ஸ் மானிட்டர் (பூசும்போதே தடிமன் காட்டுற கருவி) 100 நானோமீட்டர் காட்டுது, ப்ரொஃபைலோமீட்டர்ல (பூசினதுக்கு அப்புறம் படியோட உயரத்த அளக்குற கருவி) 82 வருது. எத நம்புறது?

பதில்: 82. மானிட்டர்ல இருக்குற குவார்ட்ஸ் கிரிஸ்டல் பாக்குறது எடைய, நீங்க குடுத்த டென்சிட்டிய வச்சு தடிமனா மாத்துது, அதுவும் அது இருக்குறது ஸ்லைடு இருக்குற இடத்துல இல்ல. டென்சிட்டி சரியான்னு பாத்துட்டு, டூலிங் ஃபேக்டரை (கிரிஸ்டல் இடத்துக்கும் ஸ்லைடு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்த சரி பண்ற எண்) 0.82ஆல பெருக்கி போட்டுட்டு அடுத்த ரன் ஓட்டுங்க.