கையைக் கடிக்காத வாடகை வீடு

கேள்வி: கடன் வாங்கி வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறேன். தவணை கட்ட மாதாமாதம் சம்பளத்திலிருந்து பணம் போடும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியிடம் கேட்பதற்கு முன், எவ்வளவு கடனை அந்த வாடகை தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 6. குடியிருப்பவர் மாறும்போது ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அரை போய்விடும். சொத்துவரி, காப்பீடு, பழுதுபார்ப்பு, தரகு எல்லாவற்றுக்கும் வாடகையில் கால் பங்கு, அதாவது ஒன்றரை. மிச்சம் 4. பழைய வீடாக இருந்தால் இதுகூட மிஞ்சாது. தவணை தவிர்த்த செலவுகளுக்கே வாடகையில் பாதியை ஒதுக்கிவைக்கும் முதலீட்டாளர்கள் உண்டு. அவர்களைக் கஞ்சர்கள் என்று நினைக்காதீர்கள், கூரை ஒழுகியதைப் பார்த்தவர்களாக இருப்பார்கள்.

இப்போது கடன். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், ஒவ்வொரு 100க்கும் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 10. விலையில் 80 பங்கைக் கடனாக எடுத்தால் ஆண்டுக்கு 8 கட்ட வேண்டும். கையில் இருப்பதோ 4. மீதி 4 உங்கள் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். இந்த வீடு தாங்கும் கடன் 40 மட்டுமே. அதுவும் விளிம்புக் கணக்கு. வாடகைச் சொத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் பலர், தவணையைப் போல 1.25 மடங்கு நிகர வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அளவுகோலை வைத்தால் 32தான்.

தவணைக் காலத்தை நீட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். 30 ஆண்டாக்கினால் தாங்கும் கடன் 40இலிருந்து 45 ஆகும், அவ்வளவுதான். ஆனால் 100 கடனுக்குக் கட்டும் மொத்த வட்டி 101இலிருந்து 164 ஆகிவிடும். எனக்கு இது கட்டுப்படியாகிற பேரமாகத் தெரியவில்லை. வட்டி மாறும் கடன் என்றால், 8 சதவீதம் 9 ஆனாலே 20 ஆண்டுக் கடனின் தவணை ஏழெட்டு சதவீதம் ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாடகையை உயர்த்திச் சமாளிக்கலாம் என்ற யோசனையிலும் ஒரு பொறி இருக்கிறது. 5 சதவீதம் உயர்த்தினால் ஆண்டு முழுவதும் கிடைப்பது ஒரு மாத வாடகையில் சுமார் அறுபது சதவீதம். அதற்காக நல்ல குடித்தனக்காரர் காலிசெய்து, வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நட்டம்தான்.

பின்னாளில் விலை ஏறும் என்பதைச் சொல்லி மாதப் பற்றாக்குறையை நியாயப்படுத்துபவர்கள் நிறைய. ஏறலாம். ஆனால் ஏறிய விலையை வைத்து இந்த மாதத் தவணையைக் கட்ட முடியாது. கையில் காசு தீர்ந்தவர் விலை ஏறும்வரை காத்திருக்கவும் முடியாது.

ஆகவே கணக்கு இடித்தால் வழி இரண்டுதான்: விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது சொந்தப் பணத்தைக் கூட்டுங்கள். இரண்டும் முடியாவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், மொத்தமாகக் கிடைக்கும் பணத்தைக் கடனில் கட்டும்போது, காலத்தைக் குறைக்காமல் தவணைத் தொகையைக் குறைக்கும்படி எழுதிக் கேளுங்கள். மேலே சொன்ன கடனில் முதல் சில ஆண்டுகளுக்குள் 10 கட்டினால் ஆண்டுச் சுமை ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகவே குறையும்.