அரித்துப்போன கண்ணாடி மாதிரிகளை நீக்காதீர்கள்

"பழங்காலக் கண்ணாடிகளின் வேதிச் சேர்மானத்தைப் புள்ளியியல் முறையில் வகைப்படுத்துகிறேன். மேற்பரப்பு சிதைந்த மாதிரிகளை நீக்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முதுகலை மாணவர், ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தயவுசெய்து நீக்காதீர்கள். நான் நீக்கினேன், இன்றுவரை மனம் ஆறவில்லை.

என்னிடம் இருந்தவை சீனாவின் ஈயம்–பேரியம் கண்ணாடி, பொட்டாசியம் கண்ணாடி ஆகிய இரு வகைகளின் அளவீடுகள். சில பொட்டாசியம் மாதிரிகளில், மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அளவீட்டுப் பிழை என்று முடிவு கட்டி அவற்றைக் கழித்துவிட்டேன். எஞ்சியவற்றில் சிலிக்கா ஏறும் இடத்தில் ஈயம் இறங்கியது. "ஈயத்தைக் கூட்டியபோது கைவினைஞர்கள் மணலைக் குறைத்தார்கள்" என்று பெருமையோடு எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அமைதியாகக் கேட்டார்: "எல்லாம் சேர்ந்து நூறுதானே அம்மா? ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கத்தானே வேண்டும்? அதை வைத்துக் கைவினைஞரின் மனத்தை எப்படிப் படித்தீர்கள்?" விகிதங்களுக்கிடையே தோன்றும் போலி ஒட்டுறவைப் பற்றி, அதாவது உண்மையில் இல்லாத தொடர்பு இருப்பதுபோல் தெரிவதைப் பற்றி, புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897-லேயே எச்சரித்திருக்கிறார். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அடுத்த கேள்வி இன்னும் வலித்தது. "தூய சிலிக்கா உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். 90-க்கு மேல் சிலிக்கா இருந்தால் அது அந்தக் காலத்து எந்த உலையில் உருகியிருக்கும்?" எந்த உலையிலும் அல்ல. ஈர மண்ணில் பொட்டாசியம் அயனிகள் கரைந்து வெளியேற, நீரின் ஹைட்ரஜன் அந்த இடத்தைப் பிடிக்கிறது, மிஞ்சுவது சிலிக்கா. ஈயம்–பேரியம் வகையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: சிலிக்காவின் பங்கு குறைந்து ஈயத்தின் பங்கு கூடுகிறது, மண்ணின் பாஸ்பரசும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நான் குப்பையில் போட்டது மண்ணுக்குள் நடந்த கதையை.

கூட்டினால் நூறாகும் இத்தகைய தரவுகளுக்காகப் புள்ளியியலாளர் ஜான் எய்ட்சிசன் 1980-களில் வகுத்த மடக்கை விகித முறையில் மறுபடி தொடங்கினேன். ஒவ்வோர் ஆக்சைடையும் அதே மாதிரியின் ஆக்சைடுகளுடைய பெருக்கல் சராசரியால் (எல்லாவற்றையும் பெருக்கி, எத்தனை எண்களோ அத்தனையாம் மூலம் எடுப்பது) வகுத்து மடக்கை எடுக்க வேண்டும். சுழியத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் சுழியங்களை மட்டும் கவனியுங்கள். கருவிக்கு எட்டாத அளவு என்பதற்கு அந்தப் பொருளே இல்லை என்று அர்த்தமல்ல. ஒரே பொருளில் சிதைந்த புள்ளியும் சிதையாத புள்ளியும் அளக்கப்பட்டிருந்தால் அவற்றை இணையாக வைத்து ஒப்பிடுங்கள்.

சிதைந்தவற்றையும் சிதையாதவற்றையும் ஒரே குவியலில் கொட்டச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தனிக் குறியிட்டு வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். வேதியியல் படிக்காதவள் பேசலாமா என்பவர்களுக்கு: அந்த அட்டவணைகளை ஏழு மாதம் வரிவரியாகச் சரிபார்த்தவள் நான். பிறகு அவற்றை வைத்து ஒரு கட்டுரை வெளிவந்தது. நன்றியுரையில்கூட என் பெயர் இல்லை.