துப்பாக்கி, அரிசி, காட்டிக்கொடுத்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1898 டிசம்பரில் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் கைமாற்றியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதே ஆண்டு ஜூன் 12-இலேயே விடுதலையை அறிவித்து, பின் அரசியல் சட்டமும் எழுதிக்கொண்ட ஒரு நாடு மூன்றே ஆண்டில் எப்படி வீழ்ந்தது? மக்கபேபே ஊர்க்காரர்கள் அதிபர் அகினால்டோவைக் காட்டிக்கொடுத்ததுதான் காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். 1902 ஜூலை 4-உடன் போர் முடிந்தது என்றும் அதில் இருந்தது. சரிதானா?

ம.

அன்புள்ள ம.,

இரண்டும் சரியில்லை. முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

1901 மார்ச் 23-இல், அகினால்டோ ஒளிந்திருந்த பலனானில் நடந்தது இதுதான். அகினால்டோவின் கடிதங்களைக் கொண்டுபோன ஆள் அமெரிக்கர்களிடம் சரணடைந்தான். கடிதங்களைப் படித்த அமெரிக்கத் தளபதி ஃபன்ஸ்டன், சுமார் 80 மக்கபேபே வீரர்களுக்குப் புரட்சிப் படையின் உடை மாட்டி, தானும் நான்கு அதிகாரிகளும் அவர்களிடம் பிடிபட்ட கைதிகள்போல நடித்து, கப்பலில் வந்து கரையிறங்கி நடந்தார். வழியில் சோறு தீர்ந்துவிட்டது. உதவிக்கு வருவது தன் படை என்று நம்பிய அகினால்டோ, தன்னைப் பிடிக்க வந்தவர்களுக்கே உணவு அனுப்பினார். மக்கபேபேக்கள் பம்பாங்கா மாகாணத்தின் ஓர் ஊரினர். தலைமுறைகளாக ஸ்பெயின் படையில் இருந்தவர்கள். குடியரசின் பக்கம் அவர்கள் நின்றதே இல்லை. கூட இருந்தவன்தானே காட்டிக்கொடுக்க முடியும்? தவிர, அகினால்டோ பிடிபட்ட பிறகும் போர் நிற்கவில்லை. பதங்காஸ் மாகாணத்தில் மிகேல் மால்வார் தலைமையேற்று ஓராண்டு தாக்குப்பிடித்தார்.

குடியரசை வீழ்த்திய தவறு அதற்கு வெகு முன்பே நடந்துவிட்டது. 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் விளிம்பில் அமெரிக்கர்களுடன் போர் மூண்டது முதல் நவம்பர் வரை, ஒன்பது மாதம், குடியரசு ஐரோப்பியப் படைகளைப் போல அணிவகுத்துப் பதுங்குகுழியில் நின்று போரிட்டது. உலக நாடுகள் நம்மை நாடாக மதிக்க வேண்டுமென்றால் நாடுகளைப் போலத்தான் போரிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. புரிந்துகொள்ளக்கூடிய எண்ணம். ஆனால் கையிருப்பு அதற்கு இடம் தரவில்லை.

அவர்களிடம் இருந்தவை ஸ்பெயின்காரர்களிடமிருந்து கைப்பற்றிய மவுசர்களும் ரெமிங்டன்களும். மவுசர் அருமையான துப்பாக்கி. அமெரிக்கத் தன்னார்வப் படையினர் வைத்திருந்த, சுட்டதும் புகைமண்டலம் கிளப்பும் பழைய ஸ்பிரிங்ஃபீல்டைவிட மேலானது. ஆனால் ஆட்களைவிடத் துப்பாக்கிகள் மிகக் குறைவு. மற்றவர்கள் கையில் போலோ என்னும் வெட்டுக்கத்திதான். தோட்டாவோ அதைவிடப் பெரிய பஞ்சம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, உள்ளூரில் அரைத்த கருமருந்தை அடைத்து, தீக்குச்சித் தலையைச் சுரண்டி வெடிமுனை செய்தார்கள். இப்படி மறுபடி நிரப்பிய தோட்டாவில் வேகம் குறையும், குழலில் கரி படியும், சமயத்தில் கூடு உள்ளேயே இறுகிவிடும். எதிரி ஓடிவரும்போது குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். பயிற்சிக்குத் தோட்டாவை வீணாக்க முடியாததால் குறிபார்க்கவும் பழக்கமில்லை. தூரத்துக்கேற்ப உயர்த்தித் தாழ்த்திக் குறிபார்க்கும் பின்தகட்டை, இடைஞ்சல் என்று பலர் கழற்றியே எறிந்திருந்தார்கள். விளைவு, குண்டுகள் அமெரிக்கர்களின் தலைக்கு மேலே பறந்தன. வீரத்துக்குக் குறைவே இல்லை. அந்த வீரம் கூலி பெறாமல் போனது என்னை இப்போதும் வருத்துகிறது.

பதுங்குகுழிகளைத் திறம்படத் திட்டமிட்டவர் குடியரசின் தளபதி அந்தோனியோ லூனா. மருந்தியல் படித்தவர், கோபக்காரர், ஒழுங்கு ஒழுங்கு என்று உயிரை விட்டவர். பிப்ரவரி இறுதியில் மணிலாவைப் பிடிக்க அவர் தாக்கியபோது, அகினால்டோவின் சொந்த ஊரான கவிட்டிலிருந்து வந்த அணி அவர் கட்டளையை ஏற்க மறுத்தது. அகினால்டோவைத் தவிர யார் சொல்லையும் கேளோம் என்றார்கள். ஜூன் 5-இல் கபனதுவானில் லூனாவைக் கொன்றவர்களும் கவிட் வீரர்களே. காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் நான் இங்கே பயன்படுத்துவேன்.

நவம்பர் 13-இல் பயம்பாங்கில் கூடி, படையைக் கலைத்துக் கொரில்லாப் போருக்கு மாறினார்கள். அதற்குள் தேர்ந்த வீரர்களும் தோட்டாவும் பெருமளவு தீர்ந்திருந்தன. அப்படியும் 1900 முழுவதும் அமெரிக்கர்கள் திணறினார்கள். முறை எளிது: ஊரின் தலைவர் பகலில் அமெரிக்கர்களுக்கு விசுவாசமான மேயர், இரவில் காட்டிலுள்ளவர்களுக்கு அரிசியும் வரியும் திரட்டுபவர். சுட்டுவிட்டு ஓடிவரும் வீரன் துப்பாக்கியைப் புதைத்துவிட்டு ஏரைப் பிடித்தால் அவன் உழவன். 53 ஆக இருந்த அமெரிக்கக் காவல்நிலைகளை ஓராண்டுக்குள் 400-க்கும் மேல் பெருக்கினார்கள். சுமார் 70,000 துருப்புகள் வந்திறங்கினார்கள். துப்பாக்கியை ஒப்படைத்தால் 30 பெசோ என்று விலையும் வைத்தார்கள்.

இந்தக் கட்டமைப்பின் உயிர் அரிசியில் இருப்பதை அமெரிக்கத் தளபதிகள் கண்டுகொண்டார்கள். பதங்காஸில் ஃபிராங்க்ளின் பெல் 1901 டிசம்பரில் இட்ட உத்தரவு: கிறிஸ்துமஸுக்குள் மக்கள் எல்லோரும் குறித்த எல்லைக்குள் வந்துவிட வேண்டும், அதன்பின் வெளியே மிஞ்சும் நெல், கால்நடை, வீடு எல்லாம் பறிக்கப்படும் அல்லது எரிக்கப்படும். பதங்காஸ், லகுனா பகுதிகளில் சுமார் 3 லட்சம் பேர் இப்படி அடைபட்டார்கள். ஏற்கெனவே வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) உழவு எருமைகளைப் பெரும்பாலும் அழித்திருந்தது. பசியும் நெரிசலும் சேர்ந்த இடத்தில் மலேரியா பெருகியது. 1902 மார்ச்சில் மணிலாவில் காலரா தொடங்கி நாடெங்கும் பரவி, இரண்டே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஏப்ரல் 16-இல் மால்வார் சரணடைந்தார். அவரைச் சூழ்ந்து பட்டினி கிடந்த மக்கள்தான் அவரைத் தோற்கடித்த ஆயுதம்.

சாமார் தீவின் பலங்கீகாவில் 1901 செப்டம்பர் 28 காலை நடந்ததும் அரிசியில் தொடங்கியதே. ஊரின் சேமிப்பை அழித்து, ஆண்களைக் கூடாரங்களில் அடைத்துக் கட்டாய வேலை வாங்கிய அமெரிக்கப் படையினர், துப்பாக்கிகளை விட்டுக் காலை உணவுக்கு அமர்ந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் போலோக்களுடன் பாய்ந்தார்கள். 74 பேரில் 48 பேர் மடிந்தனர். பதிலுக்கு அமெரிக்கத் தளபதி ஜேக்கப் ஸ்மித், ஆயுதமேந்தக்கூடிய எவரையும் கொல்லச் சொன்னார். வயது வரம்பு என்ன என்று கேட்டதற்கு அவர் சொன்ன எண் 10. பிறகு அமெரிக்கர்கள் எடுத்துச்சென்ற அவ்வூர்த் தேவாலய மணிகள் 2018 டிசம்பரில்தான் திரும்பி வந்தன.

இரண்டாவது கேள்வி. 1902 ஜூலை 4 என்பது அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அறிவிப்பின் தேதி. அந்த அறிவிப்பே தெற்கிலுள்ள மோரோ என்னும் முஸ்லிம்களின் பகுதிகளை விலக்கிவைத்தது. அங்கே 1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் டாஹோ எரிமலை வாயில் தஞ்சம் புகுந்த நூற்றுக்கணக்கான ஆண், பெண், குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். வடக்கில் அதே 1902 நவம்பரில் கொள்ளைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆயுதம் தாங்கிய கூட்டத்தில் ஒருவர் இருந்தார் என்று காட்டினால் போதும், திருட்டை நிரூபிக்க வேண்டியதில்லை. மரணதண்டனை அல்லது 20 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஒரே சட்டத்தால் போராளிகள் அனைவரும் கொள்ளையர் ஆனார்கள். நாட்டில் முழு அமைதி நிலவுகிறது என்று சான்றளித்தால்தான் பிலிப்பினோக்களுக்குச் சட்டமன்றம் என்று அமெரிக்கா நிபந்தனை வைத்திருந்தது. போராளி கொள்ளையன் ஆகிவிட்டால் அந்தச் சான்றுக்குத் தடையில்லை.

மகாரியோ சகாய், ஸ்பெயினை எதிர்த்த கட்டிபுனான் என்னும் இரகசியப் புரட்சி இயக்கத்தின் பழைய வீரர். தகாலோக் குடியரசு என்று அறிவித்து மலைகளில் 1906 வரை போரிட்டார். நீங்கள் இறங்கிவந்தால் சட்டமன்றம் வரும் என்று பேசி அவரை இறங்கவைத்தார்கள். கவித்தேயில் ஒரு விருந்துக்கு அழைத்து, அங்கேயே கைதுசெய்தார்கள். கொள்ளையன் என்ற தீர்ப்பில் 1907 செப்டம்பர் 13 அன்று தூக்கிலிட்டார்கள். அக்டோபர் 16-இல் சட்டமன்றம் கூடியது.