முகத்தை விடுங்கள், கையையும் வாயையும் பழக்குங்கள்

கேள்வி: இரண்டு வருடமாக ஆன்லைனில் போக்கர் ஆடுகிறேன். சின்ன பிளைண்டில் ஒரே நேரத்தில் நாலு டேபிள். கணக்கு லாபத்தில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் தடவையாக கேசினோவில் நேரில் உட்கார்ந்து ஆடப்போகிறேன். கையில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கண்ணாடி தேவையே இல்லை. 1/2 பிளைண்ட் டேபிளில் (சீட்டு கொடுக்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை 1, 2; அவைதான் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட்) உட்காருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் சீட்டைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பணத்தை விடுவது முகத்தால் அல்ல, கையாலும் வாயாலும்தான். இதுவரை யாருடைய முறை, பாட்டில் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) எவ்வளவு, குறைந்தபட்ச ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது) எவ்வளவு, ஜெயித்தது யார் என்று எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொண்டது. நேரில் அதில் பாதி வேலை உங்கள் தலையில் விழும். ஒரு மாத அவகாசம் இருக்கிறது, தாராளமாகப் பழகிவிடலாம்.

முதலில் பந்தயம் வைக்கும் முறை. உங்களுக்கு முன்னால் ஒருவர் 10 வைத்திருக்கிறார். 25 சிப் ஒன்றை எடுத்து, எதுவும் சொல்லாமல் முன்னே போடுகிறீர்கள். மனதில் இருப்பது 25க்கு ரெய்ஸ். டீலர் 15 மீதி கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். வாய் திறக்காமல் ஒற்றைப் பெரிய சிப்பைப் போட்டால் அது கால்தான், அதாவது முன்னவர் வைத்ததற்குச் சமமாகப் போடுவது மட்டும்தான். இன்னொரு தவறு: 10ஐ முன்னே வைத்துவிட்டு, திரும்பப் போய் இன்னும் 20 எடுத்து வருவது. முதலில் வைத்தது மட்டும்தான் செல்லும். இரண்டாவது தவணையைத் திருப்பித் தந்துவிடுவார்கள். எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொகையைக் கூட்ட முடியாதபடி செய்வதற்காக வந்த விதி இது, எனவே கெஞ்சிப் பயனில்லை.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சிப்பைத் தொடுமுன் வாயால் சொல்லிவிடுங்கள். “ரெய்ஸ், 30.” சொன்ன பிறகு கை மெதுவாக வந்தாலும், இரண்டு தடவையாக வந்தாலும் கவலையில்லை. உங்கள் முறையில் வாயிலிருந்து வந்த சொல் கட்டுப்படுத்தும் என்பதையும் மறக்க வேண்டாம். “கால்... சரி, ரெய்ஸ்” என்று இழுத்தால் கால்தான். ரெய்ஸ் எவ்வளவு வரை ஏற வேண்டும் என்பதும் இனி உங்கள் கணக்கு. பிக் பிளைண்ட் 2, ஒருவர் அதை 10 ஆக்கினார் என்றால் ஏற்றம் 8. நீங்கள் குறைந்தது இன்னொரு 8 ஏற்றி 18 சொல்ல வேண்டும்.

அடுத்தது சீட்டு. டேபிளை விட்டுத் தூக்கக் கூடாது. இரு கையாலும் மறைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக மடக்கிப் பாருங்கள். எண்ணை மட்டுமல்ல, எந்தச் சீட்டு எந்த ஜாதி என்பதையும் மனதில் பதித்துக்கொண்டு கீழே விட்டுவிடுங்கள். ஃப்ளாப்பில் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) மூன்று ஆர்ட்டின் விழுந்ததும் ஒருவர் தன் சீட்டை மறுபடி மடக்கிப் பார்க்கிறார் என்றால், பெரும்பாலும் அவரிடம் ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) இல்லை. இரண்டு ஆர்ட்டின் வைத்திருப்பவருக்கு அது நினைவிருக்கும். ஒரு ஆர்ட்டினாவது இருக்கிறதா என்று தேடுகிறார். உங்கள் நண்பர்கள் சொன்ன ‘முகம்’ உண்மையில் வெளிப்படுவது இப்படிப்பட்ட இடங்களில்.

பார்த்த பிறகு சீட்டின் மேல் ஒரு சிப்பை வையுங்கள். டீலருக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தால் இது கட்டாயம். எதுவும் வைக்காத சீட்டை, விலகியவருடையது என்று நினைத்து டீலர் வாரிக்கொண்டு போவது நடக்கும். கழித்த சீட்டுகளோடு கலந்துவிட்டால் அந்த ஆட்டம் உங்களுக்கு முடிந்தது. பாட்டில் போட்டதும் பொதுவாகத் திரும்பி வராது.

கடைசியில் சீட்டைக் காட்டும் நேரம்தான் ரொம்ப வலிக்கிற இடம். எதிராளி “ஃப்ளஷ்” என்கிறார். நீங்கள் மனம் வெறுத்துச் சீட்டை டீலர் பக்கம் தள்ளிவிடுகிறீர்கள். அவர் திருப்பினால் நாலு ஸ்பேடு, ஒரு கிளாவர் என்று ஏதோ தப்பாகப் பார்த்திருக்கிறார். பாட் அவருக்கே. வாயால் சொன்னதற்கு இங்கே மதிப்பில்லை, மல்லாந்து கிடக்கும் சீட்டுக்குத்தான் மதிப்பு. அதனால் எதிராளியின் இரண்டு சீட்டையும் கண்ணால் பார்க்கும்வரை உங்களுடையதை விடாதீர்கள். ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றினாலே இரண்டையும் மல்லாத்தி வையுங்கள், டீலர் படித்துச் சொல்வார். பாட் உங்கள் பக்கம் தள்ளப்படும்வரை சீட்டு உங்கள் முன்னாலேயே இருக்கட்டும். டீலரும் மனிதர்தான், பாட்டைத் தவறானவரிடம் தள்ளுவதும் உண்டு. அப்போதே சொல்லுங்கள். பேச்சு முற்றினால் “ஃப்ளோரைக் கூப்பிடுங்கள்” என்று மேற்பார்வையாளரைக் கேட்பது உங்கள் உரிமை. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்த பிறகு கேட்டால்தான் பயன் இருக்காது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஆன்லைனில் ஆறு பேர் டேபிளில் 5க்கு ரெய்ஸ் செய்து, பிக் பிளைண்ட் மட்டும் கால் செய்தால் பாட் 11. 200ஓடு உட்கார்ந்திருந்தால் உங்களிடம் மீதி 195, பாட்டைப் போல ஏறக்குறைய 18 மடங்கு. நேரில் ஒன்பது பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, அதே 5க்கு நாலைந்து பேர் சேர்ந்து வருவார்கள். ஆகவே 10, 12 என்று ஆரம்பிப்பது சகஜம். ஏற்கெனவே 2 போட்டு உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 2 கூட்டிக்கொள்ளுங்கள். 12க்குப் பிக் பிளைண்ட் உட்பட மூன்று பேர் வந்தால், விலகிய ஸ்மால் பிளைண்டின் 1ஐயும் சேர்த்து பாட் 49. உங்களிடம் மீதி 188, நாலு மடங்குகூட இல்லை. ஃப்ளாப்பிலும் டர்னிலும் (நாலாவது பொதுச் சீட்டு) ஒவ்வொரு பந்தயம் வைத்தாலே பாதிக்கு மேல் உள்ளே போய்விடும்.

ப்ளஃப்பின், அதாவது வலுவில்லாத சீட்டோடு மற்றவரை விலக வைக்கும் பந்தயத்தின், கணக்கும் இங்கேதான் மாறுகிறது. பாட்டில் பாதியைப் பந்தயமாக வைத்தால், மூன்றில் ஒரு தடவை எல்லோரும் விலகினாலே முதல் தேறிவிடும். எதிரில் ஒருவர் இருந்து, அவர் 100க்கு 60 தடவை விலகுபவர் என்றால் நல்ல வியாபாரம். அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் இருந்தால் மூவரும் சேர்ந்து விலகுவது 100க்கு 22 தடவைதான். ஆன்லைனில் தானாகவே கை போகிற அந்த ஃப்ளாப் பந்தயத்தை மூன்று பேர் எதிரில் இருக்கும்போது நிறுத்துங்கள். நல்ல சீட்டு வந்தால் பெரிதாக வையுங்கள், இந்த டேபிளில் கால் செய்ய ஆள் இருக்கும். அதுவரை வெறுமனே கால் செய்துகொண்டிருந்தவர் ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) திடீரென்று ரெய்ஸ் செய்தால் ஒற்றை ஜோடியைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட உங்களைச் சோதிக்கப்போவது வேகம். நாலு டேபிளில் மணிக்கு 250 ஆட்டத்துக்கு மேல் பார்த்துப் பழகியவர் நீங்கள். இங்கே மணிக்கு 25இலிருந்து 30 வரைதான். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும், அதாவது இந்த வேகத்தில் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்-ராஜா எல்லாம் சேர்ந்தே 39இல் ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை. அரை மணி நேரம் உருப்படியாக எதுவும் வராதது துரதிர்ஷ்டம் இல்லை, இயல்பு. அந்த அரை மணியில்தான் ராணி-எட்டு ‘ஆடிப் பார்க்கலாம்’ போலத் தெரியும். சும்மா இருக்கும் கண்ணுக்கு வேலை கொடுங்கள்: ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் எந்த இடத்திலிருந்து எந்தச் சீட்டோடு வந்தார் என்று கடைசியில் காட்டும்போது பார்த்து வையுங்கள். பந்தயம் வைத்ததும் ஒருவருக்குக் கை நடுங்கினால் பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய சீட்டு கிடைத்த படபடப்பாக இருப்பதே அதிகம். உங்களுக்கும் நடுங்கும். தொகையை முன்பே சொல்லிவிட்டால் நடுங்கும் கையால் கெடுவதற்கு ஒன்றும் இல்லை.

இந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியது: ஆன்லைனில் ஒரே ஒரு டேபிள் வையுங்கள். எதிராளிகளின் புள்ளிவிவரம் காட்டும் மென்பொருளை அணைத்துவிடுங்கள். பாட் தொகை தெரியும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். நோ-லிமிட் ஆட்டத்தில் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாதது) பாட்டை எண்ணிச் சொல்வது டீலரின் வேலை இல்லை; ஆல் இன் (இருக்கும் சிப் எல்லாம்) வைத்தவரின் தொகையைக் கேட்டால் எண்ணித் தருவார், அவ்வளவுதான். சிப்பையும் கையில் பழக்குங்கள். இருபது இருபதாக அடுக்கினால் 5 சிப் அடுக்கு ஒன்று சரியாக 100. பெரிய சிப்பை எப்போதும் முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்.

உட்காரும்போது பணத்தை டீலர் கையில் கொடுக்காமல் டேபிளில் வையுங்கள், அவர் பரப்பி எண்ணுவார். அப்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: பந்தயக் கோடு செல்லுமா (சிப் கோட்டைத் தாண்டினால்தான் பந்தயமா), ரேக் (பாட்டிலிருந்து கேசினோ எடுக்கும் பங்கு) எவ்வளவு, புதிதாக வருபவர் பிளைண்ட் கட்ட வேண்டுமா அல்லது பிக் பிளைண்ட் வரும்வரை காத்திருக்கலாமா. இவை இடத்துக்கு இடம் மாறும். முதல் தடவை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், டீலர் உங்கள் முறை வரும்போது கவனித்துக்கொள்வார். சீட்டு கையில் இருக்கும்போது ஃபோனை எடுக்காதீர்கள், பக்கத்தில் நண்பரே இருந்தாலும் ஆட்டம் முடியும்வரை அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

200 ஒன்று டேபிளில், இன்னொரு 200 பையில், வங்கி அட்டை அறையில். ஆட்டத்தில் இருக்கும்வரை டேபிளில் உள்ள சிப்பைப் பாதியில் எடுத்துப் பைக்குள் போட அனுமதி இல்லை. சீட்டு கையில் இருக்கும்போது புதிதாகச் சேர்க்கவும் முடியாது. நாலு மணி நேரம் ஆடினால் நூறு ஆட்டத்தைச் சற்றுத் தாண்டும். உங்கள் திறமையைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரியாது. ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தத் தொகையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டு 200ம் போய்விட்டால் எழுந்துவிடுங்கள். வெளியே போகும் வழியில் ரூலட்டும் ஸ்லாட் மெஷினும் இருக்கும், அங்கே நிற்கக்கூடாது. சிப் மீதி இருந்தால் டீலரிடம் தட்டு கேட்டு வாங்கி அடுக்கி, காசாளர் ஜன்னலில் கொடுத்து, பணத்தை அங்கேயே எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.