பிரிட்டனில் கம்பெனி திவாலானபின் அரசு தரும் ரிடண்டன்சி பணம் ஏன் இழுக்கிறது, எங்கே தட்டிக் கேட்பது?

கேள்வி: இங்கிலாந்தில் நான் 9 வருடம் வேலை செய்த மொத்த வியாபாரக் கடை லிக்விடேஷனுக்குப் போய்விட்டது. ரிடண்டன்சி பணம் அரசாங்கம் தரும் என்றார்கள், விண்ணப்பித்தேன். எட்டு வாரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. ஏன் இந்தத் தாமதம்? என்ன செய்யலாம்?

பதில்:

எட்டு வாரம் ஆகிவிட்டது என்றால், ஏதோ ஒரு விவரம் ஒத்துப்போகாமல் உங்கள் விண்ணப்பம் ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். சிக்கல் இல்லாத விண்ணப்பத்துக்கு 6 வாரம் வரை ஆகலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்கு முன்பே பணம் வந்தவர்களும் நிறைய. ஆகவே தொலைபேசியில் "எப்போது வரும்?" என்று கேட்டுப் பிரயோசனமில்லை. "என் கோப்பில் எந்த விவரம் இடிக்கிறது?" என்று கேளுங்கள்.

பணம் தருவது இன்சால்வென்சி சர்வீஸின் கீழ் இயங்கும் ரிடண்டன்சி பேமென்ட்ஸ் சர்வீஸ். நாம் எல்லோரும் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் நிதியிலிருந்து, 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின்படி தருகிறது. (வட அயர்லாந்துக்கு அலுவலகமும் வேறு, உச்சவரம்பும் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு.) அந்த அலுவலகத்துக்கு உங்கள் வேலையைப் பற்றி இரண்டு கணக்கு போய்ச் சேர வேண்டும். ஒன்று, இணையத்தில் நீங்கள் நிரப்பிய ஆர்பி1 என்ற விண்ணப்பம். இன்னொன்று, லிக்விடேட்டர் (கம்பெனியை மூடிக் கணக்குத் தீர்ப்பவர்) அனுப்பும் ஆர்பி14ஏ. இது ஒரு பெரிய அட்டவணை: ஊழியர் ஒவ்வொருவருக்கும் பெயர், நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, சம்பளம், சம்பள பாக்கி, எடுக்காத விடுமுறை என்று ஒரு பதிவு இருக்கும். இரண்டும் பொருந்தினால் கோப்பு ஓடும். 14ஏ இன்னும் போகவில்லை என்றால் உங்கள் ஆர்பி1 சும்மா கிடக்கும். போயும் பொருந்தவில்லை என்றால் யாராவது உட்கார்ந்து கையால் பார்க்க வேண்டும். வாரங்கள் ஓடுவது அங்கேதான்.

எனவே முதல் மின்னஞ்சல் லிக்விடேட்டருக்குப் போகட்டும். அவர் பெயரும் முகவரியும் கம்பனிஸ் ஹவுஸ் (கம்பெனிப் பதிவகம்) தளத்தில் உங்கள் கம்பெனியின் பக்கத்தில், இன்சால்வென்சி என்ற தாவலில் இருக்கும், இலவசம். இரண்டே விஷயம் கேளுங்கள்: என்னைப் பற்றிய 14ஏ எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, அதில் என் பெயர், நம்பர், சேர்ந்த தேதி, வாரச் சம்பளம், விடுமுறை நாட்கள் எப்படிப் பதிவாகியுள்ளன. தவறு இருந்தால் அதை அவரே திருத்தி அனுப்ப வேண்டும். நீங்கள் சான்றை மட்டும் அரசு அலுவலகத்துக்கு அனுப்பினால், அவர்கள் திரும்ப லிக்விடேட்டரிடம்தான் கேட்பார்கள். இன்னொரு சுற்று வீண். பதில் வரவில்லையே என்று இரண்டாவது முறை புதிதாக ஆர்பி1 நிரப்புவதும் வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு இருந்தால் குழப்பம்தான் கூடும்.

இடிக்கும் விவரங்களில் தமிழர்களுக்கென்றே ஒன்று உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முதலில், பேஸ்லிப்பில் உங்கள் பெயர் முதலில், வங்கியில் இனிஷியல் மட்டும் என்று மூன்று விதமாக இருப்பது நம்மிடையே சாதாரணம். கடையில் கூப்பிடும் சுருக்கப் பெயரிலேயே சம்பளப் பதிவு ஓடியிருப்பதும் உண்டு. ஆர்பி1இல் பேஸ்லிப்பில் உள்ளபடியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் வேறாக இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். மைத்துனர் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சேர்ந்த தேதி. பெரிய பணம் தொலைவது இதில்தான். பெட்ரோல் ஸ்டேஷன், கேஷ் அண்ட் கேரி, உணவகம் போன்ற இடங்களில் கடை அதே கடையாக இருக்கும், கம்பெனி மட்டும் இரண்டு மூன்று முறை பெயர் மாறியிருக்கும். லிக்விடேட்டருக்குக் கிடைப்பது கடைசிக் கம்பெனியின் பதிவேடு. அதன்படி உங்கள் 9 வருடம் ஒன்றரை வருடமாகச் சுருங்கிவிடும். இரண்டு முழு வருடம் இல்லை என்றால் ரிடண்டன்சி பணமே கிடையாது. வியாபாரம் கைமாறும்போது ஊழியர்களும் பழைய சேவைக் காலத்தோடு மாறுகிறார்கள் என்பது டியூபி விதிகளின் சாரம். அதனால் பழைய கம்பெனியில் செய்த காலமும் கணக்கில் சேர வேண்டும். ஆனால் அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பழைய பேஸ்லிப், பி60 (வருடாந்தரச் சம்பள, வரிச் சான்று), கைமாறியபோது வந்த கடிதம், சம்பளம் விழுந்த வங்கி அறிக்கை எல்லாம் உதவும். எச்எம்ஆர்சி (வரித் துறை) தளத்தில் உங்கள் சொந்த வரிக் கணக்கைத் திறந்தால் கடந்த 5 வருட வேலை விவரம் இருக்கும். அதற்கு முந்தியது வேண்டுமானால் தனியாகக் கேட்டுப் பெறலாம்.

மூன்றாவது, சம்பளத் தொகை. பேஸ்லிப்பில் 16 மணி நேரம், மீதி கையில் காசு என்று வாங்கியவர்கள் ஆர்பி1இல் முழுச் சம்பளத்தையும் எழுதுவார்கள். பதிவேட்டிலும் எச்எம்ஆர்சியிலும் இருப்பது 16 மணி நேரம்தான் என்பதால் கோப்பு உடனே நிற்கும். முழுத் தொகையை நிரூபிக்க ஆதாரம் இல்லையென்றால் பதிவில் உள்ளதன்படிதான் கிடைக்கும். கசப்பான உண்மைதான்; ஆனால் அந்த வித்தியாசத்துக்காக மொத்தப் பணத்தையும் மாதக்கணக்கில் காக்க வைப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதற்கெல்லாம் முந்தின கட்டத்தில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. விண்ணப்பிக்க சிஎன் என்று தொடங்கும் வழக்கு எண் வேண்டும். அதை லிக்விடேட்டர் தருவார். லிக்விடேட்டரே நியமிக்கப்படவில்லை என்றால் எண்ணும் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு முதலாளி காணாமல் போவது சட்டப்படி திவால் ஆகாது. கம்பனிஸ் ஹவுஸில் பாருங்கள்: லிக்விடேஷன், அட்மினிஸ்ட்ரேஷன் என்று இருந்தால் நல்லது. பதிவேட்டிலிருந்து நீக்கும் முன்மொழிவு இருப்பதாகக் காட்டினால் உடனே அதே தளத்தில் ஆட்சேபணை போடுங்கள். உங்களுக்குச் சம்பள பாக்கி உள்ள வரையில் நீங்களும் கம்பெனியிடமிருந்து கடன் வரவேண்டியவர்தான். கம்பெனி பதிவிலிருந்து அழிந்துவிட்டால் அதை மீட்டெடுக்க நீதிமன்றம் போக வேண்டும். திவாலும் ஆகாமல் பணமும் தராமல் இருக்கும் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், பிறகு ஏகாஸ் (வேலைத் தகராறில் சமரசம் பேசும் அமைப்பு), பிறகு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம். தீர்ப்பு வந்தும் தராவிட்டால் ரிடண்டன்சி பகுதியை மட்டும் அரசிடம் கேட்க வழி இருக்கிறது. சம்பள பாக்கிக்கும் விடுமுறைப் பணத்துக்கும் அந்த வழி இல்லை. அவற்றுக்குக் கம்பெனி சட்டப்படி திவாலாகியே தீர வேண்டும்.

கெடுவை மறக்க வேண்டாம். ரிடண்டன்சி பணத்துக்கு வேலை போன நாளிலிருந்து 6 மாதம். சிஎன் எண் வரவில்லை என்று சும்மா இருந்து அந்த 6 மாதத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. எண் வராவிட்டாலும், "எனக்குச் சட்டப்படியான ரிடண்டன்சி பணம் தர வேண்டும்" என்று முதலாளிக்கு எழுத்தில் அனுப்பி, அதன் நகலைத் தேதியோடு வைத்துக்கொண்டால் உங்கள் உரிமை காப்பாற்றப்படும். தீர்ப்பாயத்தில் சம்பள பாக்கி கேட்பதென்றால் 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எவ்வளவு வரும் என்பது. 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரை வேலை போனவர்களுக்கு வாரச் சம்பளம் அதிகபட்சம் 719 பவுண்ட் என்றே எடுப்பார்கள். அதற்கு முந்தைய வருடம் 700. வரம்பு ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், வேலை போன தேதிக்கு உரியதைப் பாருங்கள். 22 வயதுக்குக் கீழே செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை வாரம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41 முதல் ஒன்றரை வாரம். 20 வருடத்துக்கு மேல் கணக்கில் இல்லை. உதாரணத்துக்கு, வேலை போனபோது வயது 45, சேவை 9 முழு வருடம், வாரச் சம்பளம் 800 என்று வைத்துக்கொள்வோம். 41க்குப் பிந்தைய 4 வருடத்துக்கு 6 வாரம், முந்தைய 5 வருடத்துக்கு 5 வாரம், மொத்தம் 11 வாரம். 719ஆல் பெருக்கினால் 7,909 பவுண்ட். இந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை.

இதோடு சம்பள பாக்கி 8 வாரம் வரைக்கும், கடைசி 12 மாதத்தில் சேர்ந்த விடுமுறைப் பணம் 6 வாரம் வரைக்கும் உண்டு. இவற்றுக்கும் அதே வார வரம்புதான். மேலே சொன்ன 800 பவுண்ட் சம்பளக்காரருக்கு 5 வாரச் சம்பளம் பாக்கி என்றால் வாரத்துக்கு 81 பவுண்ட் வீதம் 405 விடுபட்டுப்போகும். அதைக் கடன் வரவேண்டியவர் என்ற முறையில் லிக்விடேட்டரிடம் கோர வேண்டும். அங்கேயும் கடைசி நான்கு மாதச் சம்பளத்தில் 800 பவுண்ட் வரைக்கும்தான் முன்னுரிமை, மிச்சம் சாதாரணக் கடன். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாம் ஒரே நாளில் வராது. ரிடண்டன்சி ஒரு நாள், விடுமுறைப் பணம் இன்னொரு நாள் என்று தனித்தனியாக விழும். நோட்டீஸ் பணமோ தனி விண்ணப்பம், ஆர்பி2. வருடத்துக்கு ஒரு வாரம், அதிகபட்சம் 12. உங்களுக்கு 9 வாரம். அந்த 9 வாரமும் கழிந்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும், அதற்கான எல்என் எண் மின்னஞ்சலில் வரும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். அந்த வாரங்களில் வேறு வேலையில் சம்பாதித்தது, வாங்கிய உதவித்தொகை, வாங்கியிருக்கக்கூடிய உதவித்தொகை எல்லாம் கழியும். "கேட்காமல் விட்டால் கழிக்க மாட்டார்கள்" என்பது தப்புக் கணக்கு. வேலை போனதும் வேலைதேடுவோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கோப்பு நியாயமாகவே நீளும் சந்தர்ப்பங்களும் உண்டு. நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட கம்பெனியில் அதிகாரபூர்வ ரிசீவருக்கு (லிக்விடேட்டர் வேலையைப் பார்க்கும் அரசு அதிகாரி) பதிவேடே கிடைக்காமல் போகலாம்; அப்போது உங்கள் பேஸ்லிப்தான் ஆதாரம். திவாலான கையோடு வியாபாரத்தை வேறொருவர் வாங்கியிருந்தால், ஊழியர்கள் புதியவரிடம் மாறிவிட்டார்களா என்று தீர்மானிக்கும்வரை பணத்தை நிறுத்தி வைப்பார்கள். டைரக்டராகவும் இருந்தவர் என்றால் தனிக் கேள்விக்கொத்து வரும். நிஜமாகவே ஊழியரா, என்ன வேலை, எத்தனை மணி நேரம், சம்பளம் எப்படி என்று துருவுவார்கள். கம்பெனியிலிருந்து எடுத்த கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்வதும் உண்டு. டைரக்டர்களைக் குறிவைத்துச் சதவீதம் கேட்கும் ஏஜென்டுகள் நிறைய. விண்ணப்பம் இலவசம், அவர்களால் வரிசையைத் தாண்ட முடியாது.

இதைக் கேட்டால் விசாவுக்கு ஆபத்து என்று விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி பயப்படுவார்கள். ஆனால் இந்தப் பணம் குடிவரவு விதிகள் தடுக்கும் பொது நிதிப் பட்டியலில் இல்லை. தைரியமாகக் கேட்கலாம். யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) வேறு கதை. விசாவில் பொது நிதித் தடை இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

லிக்விடேட்டர் திருத்தி அனுப்பிய பிறகும் அசைவில்லை என்றால், இன்சால்வென்சி சர்வீஸுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்; கூடவே உங்கள் தொகுதி எம்பியின் அலுவலகத்துக்கு சிஎன் எண்ணோடு ஒரு பக்கக் கடிதம். எம்பி கேட்டால் பதில் எழுதியாக வேண்டும் என்பதால் கோப்பு மேசைக்கு வரும். மறுப்பு வந்தாலோ குறைத்துத் தந்தாலோ அந்த முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எதிர்த் தரப்பு வணிக வர்த்தகத் துறை அமைச்சர்.

பணம் வந்ததும் சம்பள பாக்கியிலும் விடுமுறையிலும் 20 சதவீதம் வரி பிடித்திருப்பதைப் பார்ப்பீர்கள். தனிநபர் விலக்கு எதையும் பார்க்காமல் பிடிப்பது அது. அந்த வருட வருமானம் குறைவு என்றால் எச்எம்ஆர்சியிடம் திரும்பக் கேட்கலாம். அதற்கு ரிடண்டன்சி பேமென்ட்ஸ் சர்வீஸ் அனுப்பும் கணக்குத் தாள் வேண்டும், எறிந்துவிடாதீர்கள்.