ராஜினாமா எழுதிக் கொடு என்று நெருக்குகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: நான்கு மாதமாக ஓவர்டைம் பணம் வரவில்லை. கேட்டதிலிருந்து மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது எச்.ஆர். கூப்பிட்டு, "நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு நல்லது" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: இன்றைக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

காரணம் இருக்கிறது. நீங்களாக விலகுவதும் அவர்கள் நீக்குவதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. நீக்கினால் முன்னறிவிப்பு, இழப்பீடு, எதிர்த்து முறையிடும் வழி என்று சில கடமைகள் நிறுவனத்தின் தலையில் விழும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவற்றில் பெரும்பகுதி அப்படியே காணாமல் போகும். "உங்களுக்கு நல்லது" என்று சொல்லப்படும் அந்தக் கடிதம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் நல்லது.

அந்த அறையில் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "யோசிக்க நேரம் வேண்டும். நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள்." வாதம் வேண்டாம், அழுகை வந்தாலும் பரவாயில்லை, கையெழுத்து மட்டும் வேண்டாம். வெளியே வந்ததும், அன்றைய நாள் முடிவதற்குள், அதே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

"இன்று மாலை 4.20 மணிக்கு உங்கள் அறையில் நடந்த பேச்சில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். காரணம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. எனக்கு விலகும் எண்ணம் இல்லை. தொடர்ந்து வேலைக்கு வருவேன். நான் சொன்னதில் தவறு இருந்தால் தெரிவியுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுப்பு வராமல் போனால், பின்னால் விசாரணையில் அந்த மௌனமே உங்கள் பக்கம் பேசும். கோபமான பெயரடை ஒன்றுகூட இருக்கக் கூடாது. தேதி, நேரம், யார், என்ன சொன்னார் என்பது போதும்.

அடுத்து ஓவர்டைம். இதுவரை வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றால் உடனே எழுத்தில் புகாராகக் கொடுங்கள். இது பணத்துக்காக மட்டும் அல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை (1982), சட்ட மீறல் குறித்து ஒருவர் முதலாளி மீது புகார் கொடுத்ததைக் காரணமாக வைத்து வேலைநீக்கம் செய்ய முடியாது என்கிறது. நடத்தை சரியில்லை என்று நீக்குவதானால், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. ஆனால் காரணம் சொல்லாமலே நீக்கலாம் என்று விட்டிருக்கும் நாடுகளில்கூட, சம்பளப் புகாருக்குப் பழிவாங்குவது பெரும்பாலும் தனிக் குற்றம். புகார் எந்தத் தேதியில் போனது என்பதற்குச் சான்று இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கைகொடுக்கும்.

புகாரில் மொத்தத் தொகையை மட்டும் போட்டால் நிற்காது. நாள்வாரியாகக் கணக்கு வேண்டும். தாள் கழற்ற முடியாத தைத்த நோட்டு ஒன்றில் இப்படி எழுதுங்கள்: "12ஆம் தேதி, செவ்வாய். உள்ளே 9.10, வெளியே 8.40. இடைவேளை 45 நிமிடம். வேலை 10 மணி 45 நிமிடம். கூடுதல் 2 மணி 45 நிமிடம். இருக்கச் சொன்னவர்: ஷிஃப்ட் இன்சார்ஜ்." அன்றன்றைக்கே எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்துங்கள். அழகாக இருக்கட்டும் என்று வேறு நோட்டில் பெயர்த்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஒரே பேனா, ஒரே மையில் நான்கு மாதக் கணக்கைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு "இது உட்கார்ந்து ஜோடித்தது" என்று சொல்லிவிடும். கழிந்த மாதங்களுக்கு வருகைப்பதிவு, இரவில் வந்த வேலைச் செய்திகள் ஆகியவற்றை வைத்துத் தனியாகக் கணக்குப் போட்டு, "பின்னர் தயாரித்தது" என்று அதன் தலையிலேயே எழுதிவிடுங்கள். நேர்மையாகச் சொன்ன கணக்குக்கு மதிப்பு உண்டு.

ஆவணங்களை இன்றே எடுத்து வையுங்கள். நீக்குகிற அன்று முதலில் போவது உங்கள் லாகின்தான். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வருகைப்பதிவு, மதிப்பீட்டு அறிக்கைகள், உங்கள் பணி நிபந்தனை பற்றி உங்களுக்கே வந்த மின்னஞ்சல்கள் போதும். பயத்தில் மொத்த மெயில் பெட்டியையும் சொந்த முகவரிக்கு அனுப்பிவிடாதீர்கள். அதில் வாடிக்கையாளர் விவரம் ஒன்று இருந்தாலும் தகவல் திருட்டு என்று குற்றம் சாட்டி நீக்குவார்கள்; நல்ல வழக்கு அதில் கெட்டுப்போகும். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வதும் அப்படித்தான். சில நாடுகளில் பேசுகிற ஒருவர் சம்மதம் போதும், சில நாடுகளில் எல்லோர் சம்மதமும் வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் தெரியாமல் போனை ஆன் செய்யாதீர்கள்.

மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுப்பதில் லாபம் இல்லை. கையெழுத்துக்கு மேலே "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, நகல் வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தே கூடாது. கணக்கு முடிக்கும் படிவத்தில் "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். ஏற்கெனவே மிரட்டலில் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, "கட்டாயத்தின் பேரில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் சம்மதித்துவிட்டு மனம் மாறியதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மனம் வெறுத்து வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சொல்லாமல் நின்றதாக எழுதிக் கோப்பை மூடிவிடலாம். வாசலில் நிறுத்தினால், அங்கேயே நின்று "காலை 8.55, என்னை உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று ஒரு வரி மெயில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தொழிலாளர் ஆய்வாளரிடம் போனால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் அதே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கைப்படி (1947), புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். புகாரின் பேரில்தான் சோதனைக்கு வந்தேன் என்றுகூட முதலாளியிடம் சொல்லக் கூடாது. இதே ஓவர்டைம் பாக்கி உள்ள சகாக்கள் இருந்தால் சேர்ந்து கையெழுத்திடுங்கள். சங்கம் இருந்தால் இன்றே அவர்களிடம் பேசுங்கள்.

ஆய்வாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நீக்கப்பட்டால் எத்தனை நாளுக்குள் மனு போட வேண்டும், பழைய சம்பளத்துக்கு எத்தனை மாதம் வரை கோரலாம்?" இரண்டுக்கும் கெடு வேறு வேறாக இருக்கும். நிறுவனத்துக்குள் புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகப் பல இடங்களில் அந்தக் கெடு நிற்காது. "பேசித் தீர்க்கிறோம், பொறுங்கள்" என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது கடந்துவிடும். இரண்டு தேதிகளையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.